இயற்கைத் திறமை என்னும் சாதிச் சொல்

தமிழ்நாட்டில் முப்பது வயதுக்குள் இருக்கும் ஒருவரிடம் ஐ.எம். விஜயனின் புகைப்படத்தைக் காட்டினால், "திமிரு பட வில்லன்தானே?" என்று கேட்கவே வாய்ப்பு அதிகம். 2006இல் வெளிவந்த அந்தப் படத்தில் பார்வையாலேயே பயமுறுத்திய முகம் அது. 2019இல் 'பிகில்' வந்தது. பெண்கள் கால்பந்து அணியைப் பற்றிய படம். அதிலும் விஜயன் இருந்தார், அலெக்ஸ் என்னும் ரவுடியாக. இந்தியக் கால்பந்து அணியின் முன்னாள் கேப்டன் ஒருவர் கால்பந்தைப் பற்றிய படத்துக்குள் வருகிறார். கோச்சாக வரவில்லை, தேர்வுக்குழு உறுப்பினராக வரவில்லை, ரவுடியாக வருகிறார். தியேட்டரில் யாருக்கும் அது உறுத்தியதாகத் தெரியவில்லை.

நடிப்பு அவர் தேர்ந்துகொண்ட தொழில். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. மலையாளத்தில் ஜெயராஜ் இயக்கிய 'சாந்தம்' படத்தில் அவர்தான் மையப் பாத்திரம். அந்தப் படம் சிறந்த படத்துக்கான தேசிய விருதும் பெற்றது. ஆகவே நம் கேள்வி விஜயனைப் பற்றியதல்ல. கறுத்த, உரமேறிய ஓர் உடலைப் பார்த்ததும் நம் சமூகத்தின் கண்ணுக்கு முதலில் என்ன தோன்றுகிறது என்பதைப் பற்றியது. சினிமாவில் அந்த உடலைக் கண்டு பயப்படுகிற அதே கண்தான் மைதானத்தில் அந்த உடலைக் கண்டு கைதட்டுகிறது. பயத்தைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். கைதட்டலைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது.

மானும் சிறுத்தையும்

விஜயன் 1969இல் திருச்சூரில் ஓர் ஏழைத் தலித் குடும்பத்தில் பிறந்தவர். 1990களின் தொடக்கத்தில் மோகன் பகான் கிளப்புக்கு ஆடப் போனபோது, கொல்கத்தா ரசிகர்கள் அவரைக் 'காலோ ஹரின்' என்று அழைத்தார்கள். கறுப்பு மான் என்று பொருள். அன்பாக வைத்த பெயர்தான். அவரைப் பற்றி வந்த ஆவணப்படத்துக்கும் அதுவே தலைப்பானது.

அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பு ஐரோப்பாவில் இன்னொரு ஸ்ட்ரைக்கருக்கு இப்படியே ஒரு பெயர் வைத்தார்கள். போர்ச்சுகலின் காலனியாக இருந்த மொசாம்பிக்கில் 1942இல் பிறந்து, 1960இன் இறுதியில் லிஸ்பன் நகரத்தின் பென்ஃபிகா கிளப்புக்கு வந்தவர் யூசேபியோ. 1965இல் ஐரோப்பாவின் சிறந்த வீரருக்கான பாலோன் தோர் விருதைப் பெற்றார். 1966 உலகக் கோப்பையில் 9 கோல் அடித்தார், அந்தத் தொடரில் அதுதான் அதிகம். காலிறுதியில் வட கொரியா 3–0 என்று முன்னிலையில் இருந்தபோது வரிசையாக நான்கு கோல் அடித்து ஆட்டத்தையே திருப்பினார். தன்னை ஆளும் நாட்டின் சட்டையைப் போட்டுக்கொண்டு அந்த நாட்டை உலக அரங்கில் தூக்கி நிறுத்திய ஆப்பிரிக்கர் அவர். ஐரோப்பா அவருக்குச் சூட்டிய பெயர் 'கருஞ்சிறுத்தை'.

லிஸ்பனில் சிறுத்தை, கொல்கத்தாவில் மான். ஒன்று காலனிய நாட்டின் தலைநகரம், மற்றொன்று காலனியத்தை எதிர்த்ததில் பெருமைகொள்ளும் நகரம். இரண்டும் ஒரே விதமாகத்தான் யோசித்திருக்கின்றன. விலங்கின் பெயர் ஏன் உடனே நாக்கில் வருகிறது? மான் ஓடக் கற்றுக்கொள்வதில்லை. சிறுத்தை பாய்வதற்குப் பயிற்சி எடுப்பதில்லை. அது பிறப்பிலேயே வந்தது. எதிரணித் தடுப்பாளர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்று பார்த்து, கடைசி நொடியில் மனத்தை மாற்றி மறு பக்கம் பந்தைத் தட்டும் முடிவை ஒரு மான் எடுப்பதில்லை. அந்தப் பெயரைச் சூட்டும்போது ஆட்டக்காரருக்கு வேகத்தைக் கொடுத்துவிட்டு யோசனையை எடுத்துக்கொண்டு விடுகிறார்கள்.

இதை வெறும் ஊகம் என்று தள்ள முடியாது. 2020இல் இங்கிலாந்தின் தொழில்முறைக் கால்பந்து வீரர்கள் சங்கத்தோடு சேர்ந்து ரன்ரிப்பீட் என்னும் நிறுவனம் ஓர் ஆய்வு வெளியிட்டது. ஐரோப்பாவின் நான்கு பெரிய லீகுகளில் நடந்த 80 ஆட்டங்களின் ஆங்கில வர்ணனையை வரி வரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு வீரரின் உடல் வலுவைப் பற்றி வர்ணனையாளர்கள் பேசும்போது, அது வெளிர் நிறத்தவரைவிடக் கறுத்த நிறத்தவரைப் பற்றியதாக இருக்க ஆறு மடங்குக்கும் மேல் வாய்ப்பு இருந்தது. வேகத்தைப் பற்றிப் பேசும்போது மூன்று மடங்குக்கும் மேல். புத்திசாலித்தனத்தைப் பாராட்டிய சொற்களில் பெரும்பங்கு வெளிர் நிறத்தவருக்கே போயிருந்தது. அந்த வர்ணனையாளர்கள் யாரும் வெறுப்பைக் கக்கவில்லை. பாராட்டத்தான் செய்தார்கள்.

நம் ஊர்ப் பக்கம் இதற்கு வர்ணனையாளர் தேவையில்லை. பொங்கலுக்கு நடக்கும் டோர்னமெண்டில் காலனி அணி ஜெயித்தால், திடலின் ஓரத்தில் நிற்பவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். "அவனுங்க ஒடம்பு அப்பிடி." "மாட்டுக்கறி சாப்பிடுற ஒடம்பு, ஓடாம என்ன பண்ணும்?" கேட்பதற்குப் பாராட்டுப் போல இருக்கும். சாதி என்பது பிறப்பால் வருவது என்று நம்பும் சமூகம், தலித்தின் திறமையையும் பிறப்பிலேயே வைத்துவிட்டால் அதற்கு நிம்மதி. தன் பிள்ளை தோற்றது குறைந்த பயிற்சியாலா, சோம்பலாலா என்று கேட்டுக்கொள்ளும் தேவை வராமல் போகிறது.

இங்கே ஒரு மறுப்பு வரக்கூடும். மாரி செல்வராஜ் தன் கபடிப் படத்துக்குப் 'பைசன் காளமாடன்' என்று பெயர் வைத்தாரே, அதுவும் விலங்குதானே? விலங்கின் பெயர் இழிவு என்று நான் சொல்லவில்லை. காளமாடன் நம் தெய்வங்களின் வழியில் வருகிற பெயர். அந்தப் படத்தில் நாயகனின் ஆட்டத்துக்குப் பின்னால் இருக்கும் பயம், ஓட்டம், பயிற்சி, அப்பாவின் தடை, ஆசிரியரின் பிடிவாதம் எல்லாம் சொல்லப்படுகின்றன. தன் வரலாற்றோடு தானே எடுத்துக்கொள்ளும் பெயருக்கும், வரலாற்றை அழித்துவிட்டு அடுத்தவர் ஒட்டும் பெயருக்கும் தூரம் அதிகம்.

பத்துப் பைசா சோடாவும் ஓர் அரசு வேலையும்

விஜயனின் வாழ்க்கையைச் சொல்லும் எல்லாக் கட்டுரைகளிலும் சோடா வருகிறது. திருச்சூர் நகராட்சி மைதானத்தில் ஆட்டம் பார்க்க வருபவர்களுக்குச் சோடா விற்ற சிறுவன், ஒரு பாட்டிலுக்குப் பத்துப் பைசா. அதே மைதானத்தில் பின்னாளில் ஆயிரக்கணக்கானோர் அவர் பெயரைக் கத்தினார்கள். கதையாகக் கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் சோடாவிலிருந்து நேராக இந்திய அணிக்குத் தாவும் இந்தக் கதை, நடுவில் இருந்த மூன்று விஷயங்களைத் தாண்டிக் குதித்துவிடுகிறது.

முதலாவது, மைதானம். அது ஒரு நகராட்சி மைதானம். டிக்கெட் வாங்க முடியாதவன் சோடா விற்கும் சாக்கில் உள்ளே போய், நாட்டின் சிறந்த ஆட்டக்காரர்களை வாரக்கணக்கில் பார்க்க முடிந்த பொது இடம். உறுப்பினர் அட்டை கேட்கும் தனியார் கிளப்பாக அது இருந்திருந்தால் விஜயன் வாசலோடு நின்றிருப்பார்.

இரண்டாவது, பயிற்சி. சிறுவர்களுக்காக நடந்த பயிற்சி முகாமில் அவரைத் தேர்ந்தெடுத்துப் பழக்கியவர் டி.கே. சாத்துண்ணி என்னும் கோச். இந்தியாவுக்காக ஆடியவர், பிறகு பல பெரிய அணிகளைப் பயிற்றுவித்தவர். 'கறுப்பு மான்' தன்னால் ஓடவில்லை. எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று தெரிந்த ஒருவர் அந்தச் சிறுவனின் பக்கத்தில் நின்றார்.

மூன்றாவது, வேலை. கேரளக் காவல்துறை கால்பந்து அணி ஒன்றைக் கட்டியபோது அதன் தலைமை அதிகாரியாக இருந்த எம்.கே. ஜோசப், பதினேழு வயதில் விஜயனை அணிக்குள் கொண்டுவந்தார். வி.பி. சத்யன், ஷறஃப் அலி, பாப்பச்சன் என்று கேரளத்தின் சிறந்த ஆட்டக்காரர்கள் அந்த அணியில் இருந்தார்கள். 1990இலும் 1991இலும் அடுத்தடுத்து ஃபெடரேஷன் கோப்பையை அவர்கள் வென்றார்கள். பெரிய பணக்காரக் கிளப்புகளை ஒரு மாநில அரசுத் துறையின் அணி தோற்கடித்தது. காவல்துறையைப் பற்றி இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு என்ன விமர்சனம் இருக்கும் என்று எனக்குத் தெரியும், எனக்கும் அது உண்டு. இங்கே நான் பேசுவது மாதாமாதம் தவறாமல் வரும் சம்பளத்தைப் பற்றி. நாளைக்கு அரிசிக்கு என்ன செய்வது என்ற கவலை இல்லாமல் காலையில் பயிற்சிக்குப் போக முடிவது ஒரு ஸ்ட்ரைக்கரை உருவாக்குவதில் பாதி வேலை.

அதன் பிறகு நடந்தது எல்லோரும் அறிந்தது. மோகன் பகான், பஞ்சாபின் ஜே.சி.டி., எஃப்.சி. கொச்சின், ஈஸ்ட் பெங்கால், சர்ச்சில் பிரதர்ஸ். 1993, 1997, 1999 என்று மூன்று முறை நாட்டின் சிறந்த கால்பந்து வீரர் விருது. 1999 தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் பூட்டானுக்கு எதிராக ஆட்டம் தொடங்கி 12ஆவது விநாடியில் கோல். 2003இல் ஹைதராபாத்தில் நடந்த ஆப்ரோ-ஆசிய விளையாட்டில் இந்தியா வெள்ளி வென்றபோது அதிக கோல் அடித்தவர் அவர்தான். அதோடு சர்வதேச ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். அதே ஆண்டில் அர்ஜுனா விருது, 2025இல் பத்மஸ்ரீ.

அவர் ஆடிய கிளப்புகளின் கதியையும் பார்க்க வேண்டும். எஃப்.சி. கொச்சின் சில ஆண்டுகளிலேயே மறைந்துபோனது. 1996–97இல் முதல் தேசியக் கால்பந்து லீக்கை வென்ற ஜே.சி.டி. அணியை அதன் முதலாளிகள் 2011இல் கலைத்துவிட்டார்கள். விஜயனுக்கு இருந்தது அரசு வேலை. 2025 ஏப்ரலில் மலபார் சிறப்புக் காவல்படையின் அதிகாரியாக அவர் ஓய்வு பெற்றார். இன்றைய நிலையோடு இதை ஒப்பிடுங்கள். 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல். போட்டி ஒப்பந்தச் சிக்கலால் நிறுத்திவைக்கப்பட்டபோது, பெங்களூரு எஃப்.சி. தன் வீரர்களின் சம்பளத்தை நிறுத்திவைத்தது. சென்னையின் எஃப்.சி. தன் செயல்பாடுகளை நிறுத்தியது. கோடிக்கணக்கில் விளம்பரம் செய்யப்பட்ட தொழில்முறைக் கால்பந்து, ஒரு கையெழுத்து தாமதமானதும் நின்றுபோகிறது. சேமிப்பு உள்ள வீட்டுப் பையன் ஆறு மாதம் காத்திருப்பான். காலனிப் பையன் அடுத்த வாரமே ஒரகடத்தில் ஏதாவது கம்பெனிக்கு ஒப்பந்தத் தொழிலாளியாகப் போய்விடுவான். ஐந்து ஆண்டு கழித்து, அவனுக்கு 'ஒழுக்கம் இல்லை, தொடர்ந்து ஆடவில்லை' என்று யாராவது சொல்வார்கள்.

'இயற்கைத் திறமை' என்ற சொல்லின் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. திறமை இயற்கையிலிருந்து வருகிறது என்றால் அரசு மைதானம் தர வேண்டியதில்லை, கோச் வைக்க வேண்டியதில்லை, வேலை தர வேண்டியதில்லை. மழையைப் போல அது தானாக வரும். வரவில்லை என்றால் அந்தத் தலைமுறைக்குத் திறமை இல்லை என்று கணக்கை முடித்துவிடலாம்.

கோல் அடித்தால் போதுமா?

ஒடுக்கப்பட்டவர்களுக்கு எப்போதும் தரப்படும் அறிவுரை ஒன்று உண்டு. 'ஆட்டத்தால் பதில் சொல்.' ஐரோப்பாவில் ஆடிய ஆப்பிரிக்க ஸ்ட்ரைக்கர்களில் கேமரூனின் சாமுவேல் எட்டோவைப் போல ஆட்டத்தால் பதில் சொன்னவர்கள் குறைவு. பதினாறு வயதில் ரியல் மாட்ரிட், பிறகு மல்லோர்கா, 2004இலிருந்து பார்சிலோனா. நான்கு முறை ஆப்பிரிக்காவின் சிறந்த வீரர். பார்சிலோனாவில் சேர்ந்தபோது, வெள்ளையரைப் போல வாழ வேண்டுமென்றால் கறுப்பரைப் போல ஓட வேண்டும் என்ற பொருளில் அவர் பேசியது பரவலாகப் பேசப்பட்டது. நம் பிள்ளைகளிடம் 'மற்றவர்களைவிட இரண்டு மடங்கு உழைத்தால்தான் பாதி மரியாதை' என்று அம்மாக்கள் சொல்வதன் ஸ்பானிய வடிவம் அது.

2006 பிப்ரவரி 25 அன்று சரகோசா நகரில் ஆட்டம். எட்டோ பந்தைத் தொடும்போதெல்லாம் கேலரியிலிருந்து குரங்குச் சத்தம் எழுப்பினார்கள். முந்தைய ஆண்டும் அதே ஊரில் அதே வசையைக் கேட்டிருந்தார். இம்முறை போதும் என்று மைதானத்தை விட்டு நடக்கத் தொடங்கினார். நடுவரும் சக வீரர்களும் கோச்சும் ஓடிவந்து தடுத்தார்கள். ஆட்டம் தொடர்ந்தது, பார்சிலோனா 2–0 என்று வென்றது. அந்தப் பருவத்தில் 26 கோல் அடித்து ஸ்பெயின் லீகில் முதலிடம் பிடித்தார். மே மாதம் சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் ஆர்சனலுக்கு எதிராகச் சமன் செய்த கோலும் அவருடையதே. இதற்கு மேல் ஒருவர் ஆட்டத்தால் என்ன பதில் சொல்ல முடியும்? பிரச்சினை கேலரியில் இருந்தது. ஆனால் எல்லோரும் சமாதானம் பேசியது மைதானத்தில் நின்ற ஒற்றை ஆளிடம்.

2021 கோடையில் ஒரு மாத இடைவெளிக்குள் இரண்டு சம்பவங்கள் நடந்தன. ஜூலை 11 அன்று யூரோ கோப்பை இறுதியில் பெனால்டியைத் தவறவிட்ட இங்கிலாந்தின் மூன்று கறுப்பின இளைஞர்கள், ராஷ்ஃபோர்டு, சாஞ்சோ, சாகா, அன்றிரவே இனவெறி வசைகளால் துரத்தப்பட்டார்கள். ஆகஸ்ட் 4 அன்று டோக்கியோ ஒலிம்பிக் அரையிறுதியில் இந்தியப் பெண்கள் ஹாக்கி அணி அர்ஜென்டினாவிடம் தோற்றது. உடனே ஹரித்வார் அருகே ரோஷனாபாத்தில் முன்கள வீராங்கனை வந்தனா கட்டாரியாவின் வீட்டு முன் ஆதிக்கச் சாதி ஆண்கள் பட்டாசு வெடித்தார்கள். அணியில் தலித்துகள் அதிகம் இருப்பதால்தான் தோற்றது என்று கத்தியதாகக் குடும்பத்தினர் புகார் கொடுத்தார்கள். அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக ஹாட்ரிக் அடித்து, ஒலிம்பிக்கில் அதைச் செய்த முதல் இந்தியப் பெண் என்று வந்தனாவை நாடே கொண்டாடியிருந்தது.

லண்டனில் நடந்ததைக் கண்டித்துப் பதிவு போட்ட நம்மவர்கள் பலர் ரோஷனாபாத்தைக் கடந்துபோனார்கள். ஆப்பிரிக்க ஆட்டக்காரர்களிடம் நாம் நடந்துகொள்ளும் விதமும் ஐரோப்பாவைவிட மேலானதல்ல. செவன்ஸ் கால்பந்துக்குப் பேர்போன மலப்புறத்தில், 2024 மார்ச்சில் ஐவரி கோஸ்டைச் சேர்ந்த ஆட்டக்காரர் ஒருவரைப் பார்வையாளர் கூட்டம் விரட்டி அடித்தது. தன்னை இனவெறியோடு இழிவுபடுத்தியதாக அவர் புகார் கொடுத்தார். எட்டோவின் படத்தை டீ-சர்ட்டில் போட்டுக்கொள்பவர்களுக்கு, எட்டோவின் நிறத்தில் ஒருவர் பக்கத்துத் தெருவில் வாடகைக்கு வீடு கேட்டால் கொடுக்க மனம் வருவதில்லை.

தோற்றால் மட்டும்தான் ஆபத்து என்றும் நினைத்துவிடக் கூடாது. 2025 மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டம் ஸ்ரீவைகுண்டம் அருகே, பள்ளித் தேர்வு எழுதப் பேருந்தில் போய்க்கொண்டிருந்த தலித் மாணவர் ஒருவரை இறக்கி விரல்களை வெட்டினார்கள். கபடிப் போட்டியில் ஆதிக்கச் சாதி அணியைத் தோற்கடித்ததுதான் காரணம் என்றார்கள் குடும்பத்தினர். 2023 ஜூனில் குஜராத்தின் பாட்டன் மாவட்டம் காக்கோஷி கிராமத்தில், கிரிக்கெட் பந்தை ஒரு தலித் சிறுவன் எடுத்துக் கொடுத்ததில் தொடங்கிய தகராறு, அவனுடைய உறவினரின் கட்டைவிரலைத் துண்டிப்பதில் முடிந்தது. விரல் வெட்டுவது நம் நாட்டில் பழைய தண்டனை. ஏகலைவனின் திறமையும் யாரும் சொல்லிக்கொடுக்காமல் வந்தது என்றுதான் கதை சொல்கிறார்கள். யாரும் சொல்லிக்கொடுக்க மறுத்தார்கள் என்பதைச் சற்றே மெதுவாகச் சொல்கிறார்கள்.

உடல் அவர்களுக்கு, மூளை இவர்களுக்கு

உடலையும் மூளையையும் பிரித்துப் பங்கு போடும் வேலை நம் நாட்டில் கால்பந்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. பல்வங்கர் பாலு பூனாவில் ஐரோப்பியர் கிளப்பில் மைதானம் பராமரிக்கும் வேலையில் இருந்தபடியே பந்து வீசப் பழகியவர். 1911இல் இங்கிலாந்துக்குப் போன இந்திய அணியில் 100 விக்கெட்டுகளுக்கு மேல் எடுத்தார். மைதானத்தில் அவர் வீசிய பந்தைத் தொட்ட சக வீரர்கள், இடைவேளையில் அவருக்குத் தேநீரை வெளியே நிற்கவைத்து மண் குவளையில் கொடுத்தார்கள். அவ்வளவு விக்கெட் எடுத்தும் இந்துக்கள் அணிக்குக் கேப்டன் பதவி அவருக்குக் கடைசிவரை வரவில்லை. நீண்ட எதிர்ப்புக்குப் பிறகு 1923இல் அவருடைய தம்பி விட்டல் கேப்டனானார். பந்து வீச உடல் போதும், கேப்டனுக்கு மூளை வேண்டும் என்பதுதான் அந்தத் தயக்கத்தின் பொருள்.

இதே பங்கீட்டைப் பல்கலைக்கழகத்திலும் பார்க்கிறேன். கோட்பாடு எழுதுபவர்கள் ஒரு பக்கம், அனுபவத்தைச் சொல்பவர்கள் மறு பக்கம் என்று இந்தியச் சமூக அறிவியல் பிரிந்து கிடப்பதைக் கோபால் குரு 2002இல் எழுதிய கட்டுரையில் அம்பலப்படுத்தினார். ஒரு கருத்தரங்கில் நில ஆவணங்களை வைத்து நான் வாசித்த கட்டுரைக்குத் தலைமை தாங்கியவர் சொன்ன பாராட்டு, "உங்கள் எழுத்தில் வலி இயல்பாக வருகிறது" என்பது. நான்கு ஆண்டுகள் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து எடுத்த குறிப்புகள் அந்த ஒரு வரியில் காணாமல் போயின. ஸ்ட்ரைக்கருக்கு வேகம் இயல்பு என்றால், ஆய்வாளருக்கு வலி இயல்பு.

ஆகவே விஜயனின் வாழ்க்கையில் எனக்கு முக்கியமாகப் படுவது 12 விநாடிக் கோலைவிட வேறு இரண்டு செய்திகள். அவர் இந்திய அணிக்குக் கேப்டனாக இருந்தார். 2022இல் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் தொழில்நுட்பக் குழுவுக்குத் தலைவரானார். யார் கோச்சாக இருக்க வேண்டும் என்று பரிந்துரைக்கும் நாற்காலி அது. பாலுவுக்கு மறுக்கப்பட்டது விஜயனுக்குக் கிடைத்திருக்கிறது. இடையில் அம்பேத்கர் இருந்தார், அரசியல் சட்டம் இருந்தது, அரசு வேலை இருந்தது. இயற்கை அப்படியேதான் இருந்தது.

அதற்காக ஒருவர் நாற்காலியில் அமர்ந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பவும் வேண்டாம். எட்டோ 2021 முதல் கேமரூன் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவர். அவருடைய நிர்வாகத்தைச் சுற்றிச் சர்ச்சைகள் ஓயவில்லை. ஒரு நட்சத்திரம் மேலே போவதால் கீழே உள்ள மண் தானாகச் சமன் ஆகாது. மண்ணைச் சமன் செய்வது தனி வேலை.

ஏரி வற்றினால் மைதானம்

அந்த மண்ணுக்கு வருகிறேன். அச்சரப்பாக்கம், மதுராந்தகம் பக்கத்து காலனிகளில் கால்பந்தோ கிரிக்கெட்டோ எங்கே ஆடுகிறார்கள் என்று பாருங்கள். கோடையில் ஏரி வற்றினால் ஏரிக்குள். அறுவடை முடிந்தால் நிலத்துக்காரர் விரட்டும்வரை வயலில். ஜி.எஸ்.டி. சாலையின் இருபுறமும் பிளாட் போட்டுக் கல் நட்டு விற்காமல் கிடக்கும் மனைகளில், காம்பவுண்டு எழும்வரை. வடகிழக்குப் பருவமழை வந்தால் மைதானம் தண்ணீருக்குள். ஆண்டில் நான்கு மாதம் காணாமல் போகும் மைதானத்தில் பழகியவனைத்தான், ஆண்டு முழுவதும் புல்தரையில் பழகியவனோடு நிறுத்தி 'தேர்வு' நடத்துகிறோம்.

இந்த மாவட்டத்தில் நிலம் என்றால் அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர், பறையர் மக்களின் நிலைமை பற்றி அரசுக்கு அறிக்கை அனுப்பினார். அடுத்த ஆண்டு வந்த ஆணையின் வழியாகத்தான் பஞ்சமி நிலம் என்ற உரிமை பிறந்தது. அந்த நிலங்கள் எப்படிக் கைமாறின என்பதும் நாம் அறிந்ததே. மாமல்லபுரம் அருகே காரணையில் பஞ்சமி நிலத்தைக் கேட்டு நடந்த போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். நிலம் கேட்டவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள்தான் இன்று விற்காத மனையில் பந்து உதைக்கிறார்கள்.

அரசால் முடியாது என்று சொல்வதற்கும் இல்லை. 2022இல் இதே மாமல்லபுரத்தில், பூஞ்சேரியில், 44ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தது. சில மாதங்களுக்குள் சாலை, அரங்கு, விளம்பரம் எல்லாம் தயாரானது. செஸ் வளர்வதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். செஸ் ஆடும் சிறுவன் ஜெயித்தால் பத்திரிகைகள் எந்த அகாடமி, யார் கோச், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரப் பயிற்சி, பெற்றோர் எவ்வளவு செலவழித்தார்கள் என்று கேட்கின்றன. அங்கே திறமை உழைப்பிலிருந்து வருகிறது. காலனிச் சிறுவன் ஜெயித்தால் மட்டும் அது ரத்தத்திலிருந்து வருகிறது.

என்ன கேட்க வேண்டும்? 'காலனிக்குத் தனி மைதானம்' என்ற கோரிக்கையில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. தனிச் சுடுகாடு, தனித் தண்ணீர்த் தொட்டி, தனி ரேஷன் கடை என்ற வரிசையில் தனி மைதானமும் சேர்ந்துவிடும். ஊர்ப் பையன்களும் காலனிப் பையன்களும் ஒரே அணியில் ஆடும் வாய்ப்பு அதோடு போய்விடும். மறுபுறம், 'பொது மைதானம்' என்று சொல்லி ஊருக்குள் போட்டால் அது யாருடைய மைதானமாகும் என்றும் நமக்குத் தெரியும். பள்ளிக்கூடம், ஊராட்சி அலுவலகம், நூலகம் என்று பொதுவானவை எல்லாம் ஊர்ப் பக்கம்தான் கட்டப்பட்டிருக்கின்றன. காலனியிலிருந்து போகிறவர் எப்போதும் அடுத்தவர் இடத்துக்குப் போகிறவராகவே இருக்கிறார். எனவே ஊராட்சியின் பொது மைதானம் காலனிப் பக்கம் அமைய வேண்டும் என்று கேட்போம். அது எல்லோருக்கும் பொது. ஆட விரும்பும் ஊர்ப் பிள்ளைகள் ஒரு தடவை இந்தப் பக்கம் நடந்து வரட்டும். அந்த நிலம் புல எண்ணோடு வருவாய்த் துறைப் பதிவேட்டில் விளையாட்டுத் திடல் என்று ஏற வேண்டும். இல்லையென்றால் அடுத்த ஊராட்சித் தேர்தலுக்குள் அங்கே ஒரு கட்டடம் முளைத்துவிடும்.

மைதானத்தோடு சேர்த்துக் கேட்க வேண்டியவை இன்னும் உண்டு. ஊராட்சி ஒன்றியத்துக்கு ஒரு முழுநேரக் கால்பந்துப் பயிற்சியாளராவது அரசுச் சம்பளத்தில் வேண்டும். அரசு ஊராட்சிகளுக்குத் தந்த விளையாட்டு உபகரணங்கள் வைத்திருக்கும் அறையின் சாவி யாரிடம் இருக்கிறது, எந்தத் தெருப் பிள்ளைகள் அவற்றைத் தொட்டார்கள் என்று கிராம சபையில் கேட்க வேண்டும். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டில் இதுவரை யார் யார் வந்தார்கள் என்று சமூகப் பிரிவு வாரியாக வெளியிட வேண்டும். இந்தியன் வங்கி, ஐ.சி.எஃப். போன்ற நிறுவன அணிகள் ஒரு காலத்தில் சென்னைக் கால்பந்தில் என்ன செய்தன என்பதை நினைவுபடுத்தி, அரசுத் துறைகள் மறுபடியும் அணி கட்ட வேண்டும் என்று கேட்க வேண்டும்.

நாமே செய்ய வேண்டியதும் ஒன்று இருக்கிறது, அதற்கு அரசாணை தேவையில்லை. நம் பிள்ளை ஒருவன் கோல் அடித்தால், ஒருத்தி கோல் அடித்தால், அதைப் பதிவு போடும்போது 'பிறவித் திறமை' என்று நாமும் எழுதிவிடுகிறோம். அதை விட்டுவிட்டு, இடது காலைப் பழக்க எத்தனை மாதம் எடுத்தது, சாயங்காலம் வேலைக்குப் போகாமல் பயிற்சிக்குப் போக வீட்டில் யார் கூடுதலாக உழைத்தார்கள், ஷூ வாங்க யார் கடன் கொடுத்தார்கள், கோச் யார் என்று எழுதுவோம். அடுத்த தலைமுறைக்கு எது தேவைப்படும் என்ற பட்டியல் அந்தப் பதிவிலேயே இருக்கும்.